தலையில் தங்கம் ஒட்டிய விரால்

நல்லப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரங்கூன் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்கிய ஆட்களிலேயே அவனைப்போல் பேச ஆள் கிடையாது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த கூலி லைனில் எந்தப் பஞ்சாயத்து கூடினாலும் அவன் குரல்தான் முதலில் கேட்கும். அந்த வருஷம் அவன் பேச்செல்லாம் மீனைப் பற்றியே இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. லைனுக்குக் கிழக்கே பசுன்டாங் ஓடை. கடல் ஏறினால் ஓடையும் ஏறும், இறங்கினால் வெறும் சேறு. ஆலை ஓடுகிற மாசங்களில் அந்த ஓடையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மழை நெருங்கி ஆலைச் சங்கு ஓய்ந்துவிட்டால் லைனில் பாதி அடுப்பு அதை நம்பித்தான் எரியும். ஆம்பிளைகள் வலை வீசுவார்கள். பொம்பிளைகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையால் அரிப்பார்கள். கெளுத்தியோ கெண்டையோ இறால் குஞ்சோ, வந்தது குழம்பு.

அந்த வருஷம் சர்க்கார் ஓடையை ஏலம் விட்டது. பர்மாவில் அப்படி ஏலம் போன தண்ணீருக்கு 'இன்' என்று பெயர். எடுத்தவன் எவனோ, மீனுக்கெல்லாம் அவனே எஜமான். அந்தப் பெரிய மனிதரின் முகத்தை லைனில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அவருடைய காவல்காரனைத்தான் பார்த்தார்கள். காவல்காரன் வேறு யாருமில்லை, கருப்பையா. நல்லப்பனுக்குப் பக்கத்து ஊர்க்காரன், ஒரே கப்பலில் வந்து இறங்கியவன்.

"வலையக் குடுங்க மாமா" என்றான் கருப்பையா, ஒருநாள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு.

"எதுக்கு மாப்ள?"

"நம்ம ஆளாச்சேன்னு ஒருவாட்டி கண்டும் காணாம விட்டேன். மறுவாட்டியும் விட்டேன். இனிமேலும் விட்டா எஞ்சோத்துல மண்ணு. குடுத்துருங்க, கேஸு இல்லாம நான் பாத்துக்கறேன்."

"ஓடையில தண்ணிய ஒங்க எசமானா ஊத்துனாரு?"

"அத ஏலம் போட்ட தொரைகிட்டப் போயிக் கேளுங்க. எனக்கு வகுறு இருக்கு மாமா."

வலை போயிற்று. நல்லப்பன் அன்று சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் கொட்டகையில் குதித்த குதியைப் பார்த்து முனீஸ்வரனே பயந்திருப்பார். "அவென் ஏலம் எடுத்த தண்ணியில புடிச்ச மீன, அவென் கடையிலயே போயி நாம வாங்கணும்! இது எந்த ஊரு நாயம்?" என்று கத்தினான். நாயம் இல்லைதான். ஆனால் கத்தினால் வலை திரும்பி வருமா?

இந்தச் சமயத்தில்தான் வக்கீல் முகைதீன் வந்து சேர்ந்தார். கியாக்டடாவில் சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் அவருக்கு ஆபீஸ். கோடைத் தூறலில் கறுப்புக் கோட்டு நனையாமல் குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தவர், யாரோ போட்ட தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வருகிற குளிர்காலத்தில் சீமையிலிருந்து ஒரு கமிஷன் வருகிறது, இந்த நாட்டை இனி எப்படி ஆளுவது என்று சாசனம் எழுதப்போகிறார்கள், அதற்கு அவரவர் குறையைச் சொல்லலாம் என்றார்.

"சட்டசபையில ஒரு சட்டம் போட்டா அடுத்து வாரவன் அழிச்சுப்புடுவான். சாசனத்துல ஏறிட்டா அவ்வளவு லேசுல அழிக்க முடியாது. பேச வாயி, கும்புட சாமி, இதெல்லாம் குடிகளோட உரிமைன்னு எழுதுவாங்கல்ல? அதோட நம்ம ஒரு வரி சேக்கணும். தன் அடுப்புக்குத் தூண்டிலோ கைவலையோ போட்டு மீன் பிடிக்கிறது உரிமை, எந்த ஏலமும் அதத் தடுக்கக் கூடாதுன்னு."

"கொக்கு?" என்றார் பின்னால் இருந்து துரைசாமி.

"என்ன கொக்கு?"

"கொக்கு, நாரை, மொசலு. அதையும் சேத்து எழுதிருங்க வக்கீலய்யா."

"துப்பாக்கி வச்சிருக்கீரா?"

"துப்பாக்கிக்கு எங்க போவேன்? கண்ணிதான்."

"சரி. வேட்டையும் மீன்பிடியும்னு போட்டுர்றேன்" என்று சிரித்தார் வக்கீல். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நம்ம ஆளுக மட்டும் கேட்டா, பொழைக்க வந்த கூலிக்கு என்ன உரிமைன்னு தள்ளிருவாங்க. பர்மாக்காரங்களும் கூட நிக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்தது வாறேன். ஆள் சேத்து வைங்க. நல்லப்பன், நீர்தான் முதல் சாட்சி."

எல்லாருக்கும் டோ மியாவின் ஞாபகம்தான் வந்தது.

டோ மியா முக்குக்கடையில் சுருட்டும் வெற்றிலையும் விற்கிற பர்மாக்காரி. புருஷன் இல்லை. பிள்ளை ஒன்று பிறந்து, பால்குடியிலேயே போய்விட்டது. அவள் 'வா' என்றால் அந்தப் பக்கத்துப் பர்மாக்காரர்கள் எழுந்து வருவார்கள். நல்லப்பனை அவள் 'கோ நல்லா' என்பாள். அவன் அவளை 'அமே' என்பான். பர்மாவில் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் எந்நேரமும் கேலி. அவள் தமிழைக் கடித்துத் துப்புவாள், அவன் பர்மியப் பேச்சைக் கொலை செய்வான், எப்படியோ புரிந்துவிடும்.

"உயிரக் கொல்றது பாவம்ங்குறியே அமே, தெனம் மூணு வேளையும் மீன அரைச்ச ங்காபி இல்லாம சோறு எறங்குதா ஒனக்கு? அது என்ன, மரத்துல காய்ச்சுதா?" என்பான்.

"செத்த மீனைத் தின்கிறேன். கொன்ற பாவம் கொன்றவனுக்கு. நீ கொல்லு, நான் தின்கிறேன், நரகத்துக்கு நீ போ" என்பாள் அவள், சுருட்டுப் புகைக்கு நடுவே.

அப்படிப்பட்டவள் வருஷா வருஷம் கசோன் மாசத்துப் பௌர்ணமிக்கு மீன் விடுவாள். கோடையில் ரயில் பாதை ஓரத்துப் பள்ளமெல்லாம் வற்றிப்போய், சேற்றுக்குள் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அவற்றைப் பிடித்துத் தண்ணீர்ப் பானையில் போட்டுக் கொண்டுபோய் ஓடையில் விட்டால் புண்ணியம். சேற்றில் இறங்கி உயிர் போகாமல் பிடிக்க நல்லப்பனைத்தான் கூப்பிடுவாள். கைக்கு அவ்வளவு பக்குவம். வேலை முடிந்ததும் அவள் வீட்டில் வயிறு நிறையச் சோறு.

மீனை விடுகிற இடம் சின்னப் பகோடாவுக்குக் கீழே இருக்கிற படித்துறை. அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. எந்தச் சர்க்காரும் போட்ட சட்டம் இல்லை. போடக்கூடாது என்றால் போடமாட்டார்கள், அவ்வளவுதான். பர்மாக்காரன், தமிழன், சூலியா முஸ்லிம், யாராக இருந்தாலும் சரி. கருப்பையாகூட அந்தப் பக்கம் காவலுக்குப் போவதில்லை. அங்கே காவல் எதற்கு?

அந்த வருஷமும் விட்டார்கள், வக்கீல் வந்துபோன மறுநாள். பானைகளைத் தலையில் சுமந்துபோய் இடுப்பளவு தண்ணீரில் நின்று நல்லப்பனே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். கடைசிப் பானையில் ஒரு பெரிய விரால். முழங்கை நீளம் இருக்கும். டோ மியா அதன் தலையைத் துணியால் ஒற்றி, பகோடாவில் ஒட்டுகிற தங்க இலையில் ஒரு பொட்டு கிள்ளி ஒட்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் என்னவோ நீளமாகச் சொன்னாள். நல்லப்பனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. விரால் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு இறங்கிப்போனது.

"சாமிக்கே ஆசை வரும்போல மீனு" என்றான் அவன்.

"கண் வைக்காதே, கோ நல்லா" என்று அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள் அவள்.

நல்லப்பன் வீட்டில் நிலைமை சரியாக இல்லை. மகள் ஜெயம்மா தலைப்பிரசவம் முடிந்து கிடந்தாள். அவள் புருஷன் வடிவேல் பெகூப் பக்கம் ரயில் பாதை வேலைக்குப் போனவன், ஒரு தகவலும் இல்லை. பிள்ளை பெண்பிள்ளை, கைக்குள் அடங்குகிற அளவு. ஜெயம்மாவுக்குப் பால் இல்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். முதலில் ஊரைக் கூட்டுகிற அழுகையாக இருந்தது. பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டிபோல் முனகியது. நல்லப்பன் பெண்டாட்டி தனபாக்கியம் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்துபார்த்தாள். அதையும் கக்கிவிட்டது.

"பூண்டத் தட்டிப்போட்டு வெராலு கொழம்பு ரெண்டு நேரம் குடுத்தா பாலு தன்னால சொரக்கும். எங்காத்தா எனக்கு அதத்தான் செஞ்சா" என்றாள் தனபாக்கியம், புருஷனைப் பார்க்காமல்.

"வெராலுக்கு எங்க போக?"

"என்னயக் கேட்டா? ஊருக்கெல்லாம் உரிமையப் பேசுறியளே, ஒங்க பேத்திக்கு ஒரு மீனு இல்லையாக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆம்பிளை எப்படிப் படுத்துத் தூங்குவான்? ஓடையில் கருப்பையா. சந்தையில் கையில் காசு இல்லாதவனை விரால் கூடைப் பக்கமே விடமாட்டார்கள். ரயில் பள்ளத்து மீனையெல்லாம் இவனே வழித்துக் கொடுத்தாயிற்று. காவல் இல்லாத தண்ணீர் என்று ஒன்றுதான் பாக்கி இருந்தது.

மழை தூறிக்கொண்டிருந்த விடியலில், தவளைக்குஞ்சைக் கோர்த்த தூண்டிலோடு அவன் படித்துறையில் போய் உட்கார்ந்தான். ஒரு மீன், ஒரே ஒரு மீன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தன்னைப்போல ஒரு பாவி இந்த ரங்கூனில் இருக்கமாட்டான் என்றும் சொல்லிக்கொண்டான். கயிறு விறுக்கென்று இழுபட்டது. மேலே வந்தது நல்ல கனம். இருட்டு முழுசாக விலகவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற பதற்றத்தில் சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டான்.

விரால் லேசில் சாகாது. பானைத் தண்ணீரில் விட்டதும் தெளிந்து சுற்றிவந்தது. தனபாக்கியம் முகம் மலர்ந்துபோய் அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். சாம்பலை அள்ளிக் கையில் பூசிக்கொண்டு மீனைப் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க."

தலையில் செதில் இடுக்கில் ஒரு மினுக்கம். எள் அளவுக்குத் தங்கம்.

நல்லப்பன் குனிந்து பார்த்தான்.

"இது டோ மியா விட்டதா?"

"ஆமா."

"தெரிஞ்சா புடிச்சீக?"

"சத்தியமாத் தெரியாது. இருட்டு."

"படித்தொறையில போடக்கூடாதுங்குறது தெரியும்ல?"

அவள் மீனைத் திரும்பப் பானையில் விட்டாள்.

"உசுரோடதான இருக்கு" என்றாள் தனபாக்கியம். "கொண்டுபோயி விட்டுருங்க. கடன் இல்லாமப் போயிரும்."

அவன் பானையைத் தூக்கினான். வாசல்வரை போனான். உள்ளே பிள்ளை முனகியது. ஜெயம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "இல்லையேடி, என்னட்ட ஒண்ணும் இல்லையே" என்று அதனிடமே மன்றாடிக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். பானைக்குள் மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. திரும்பி வந்து பானையை அடுப்படியில் வைத்துவிட்டு, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல், "செய்யி" என்றான்.

அவள் மீனை வெளியே எடுத்தாள். அம்மிக்குழவியால் தலையில் ஒரு போடு போட்டாள். சாம்பல் வைத்துத் தேய்த்தபோது தங்கம் போய்விட்டது. ஆனாலும் தலையைக் குழம்பில் போட மனசில்லாமல் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிற உலகத்தில் மீன் தலையை மண்ணில் மறைப்பதா பெரிது? ஆனால் அன்றைக்கெல்லாம் அவள் அந்தக் கொல்லைப் பக்கம் போகவே இல்லை.

ஜெயம்மா மட்டும்தான் தின்றாள். தின்னத் தின்ன, "நீங்க ரெண்டு பேரும் தொட்டுக்கலையா?" என்று கேட்டாள். "எங்களுக்கு வகுறு சரியில்ல" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

பால் சுரந்தது.

சும்மா சொல்லக்கூடாது, சேலை நனைகிற அளவுக்குச் சுரந்தது. பிள்ளை குடித்துவிட்டு வாயோரம் வழிய வழியத் தூங்கியது. நல்லப்பன் தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு எழுந்து பேத்தியின் பக்கத்தில் போய் உட்காரத்தான் கூச்சமாக இருந்தது.

வக்கீல் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் டோ மியா நல்லப்பன் வீட்டுக்கே வந்தாள். கொண்டையில் பூ, தோளில் நல்ல துண்டு, சபைக்குப் போகிற அலங்காரம். பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் சதை வைத்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பால் வந்துவிட்டதா?"

"வந்துருச்சு அமே" என்றாள் ஜெயம்மா.

"வரும். வராமல் எங்கே போகும்? கோ நல்லாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்பார்கள். அந்தப் பெரிய விரால் இருந்ததே, தங்கம் ஒட்டினேனே, அதை இவள் பேரில்தான் விட்டேன். என் பிள்ளை பால் இல்லாமல் போனது. இந்த உயிர் தண்ணீரில் ஓடுகிறவரை இவளுக்குப் பால் ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டு விட்டேன். பார்த்தாயா! சாது, சாது, சாது."

புண்ணியத்தில் பங்கு கொடுத்தால் வாங்குகிறவர்களும் மூன்று தடவை சாது சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். ஒன்றும் தெரியாத ஜெயம்மா கை கூப்பிச் சொன்னாள். தனபாக்கியம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நல்லப்பனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது. வாயைத் திறந்தான். "சாது" என்று ஒரு தடவைதான் வந்தது.

கொட்டகை நிறைந்துவிட்டது. டோ மியா சொன்னாள் என்று பர்மாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வெளியே மழை கொட்டியது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் வக்கீல் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கருப்பையாகூட ஓரமாக வந்து நின்றான்.

டோ மியா எழுந்தாள். "உயிரைக் கொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் பசித்தவன் தன் வீட்டுச் சட்டிக்குப் பிடிப்பதை ஏலக்காரன் தடுக்கக்கூடாது. மீன் பிடிக்கிறவர்கள் எல்லாம் திருடர்கள் என்று துரைமார்கள் நினைக்கிறார்கள். இந்தக் கோ நல்லாவைப் பாருங்கள். ஓடையில் இவன் வலையைப் பறித்துவிட்டார்கள். படித்துறையில் காவலே கிடையாது, நாங்கள் விட்ட மீன் அங்கே கொழுத்துத் திரிகிறது. இவன் கைவைக்கமாட்டான். எழுதிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவனுக்கு உரிமை கொடுத்தால் தண்ணீருக்கு ஒரு கேடும் வராது."

வக்கீல் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். "நல்லா வந்திருக்கு. இது போதும் எனக்கு. நல்லப்பன், இப்ப நீர் சொல்லும். கமிஷன்ல கேப்பாங்க, பொதுவாப் பேசினா எடுபடாது. கடைசியா எப்ப அடுப்புக்கு மீன் பிடிச்சீர், எங்க பிடிச்சீர், என்ன மீன்? அத மட்டும் சொல்லும்."

நல்லப்பன் எழுந்து நின்றான். ஓடையைச் சொல்லியிருக்கலாம். கெளுத்தி என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? கூட்டத்துக்கு நடுவில் டோ மியா அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பேசு பேசு என்று கையைக் காட்டினாள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"வெராலு வக்கீலய்யா" என்றான். "பகோடாப் படித்தொறையில. தலையில தங்கம் இருந்துச்சு."

துரைசாமி, "அடப்பாவி" என்றார், சத்தமில்லாமல்.

வக்கீல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். "இது... இது வேலைக்கு ஆகாது. அதுக்கு முந்தி பிடிச்சதச் சொல்லும்."

"அதுக்கு முந்தி எத்தனையோ புடிச்சிருக்கேன். எனக்கு இது ஒண்ணுதான் ஞாவகத்துல நிக்கிது." பிறகு டோ மியாவின் பக்கம் திரும்பி, அவனுக்குத் தெரிந்த அரைகுறைப் பர்மியத்தில் சொன்னான். "இருட்டுல தெரியாமப் புடிச்சேன், அமே. தெரிஞ்சப்பறம்தான் கொன்னேன். உசுரோட இருந்துச்சு. வாசவரைக்கும் கொண்டுபோனேன். பேத்தி அழுதா. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அது அப்படியே நின்றது.

"அதேதானா?" என்றாள்.

"அதேதான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்துப்போயிருப்பான். துண்டைச் சரிசெய்துகொண்டு வக்கீலிடம் போனாள். "ஏழைகள் மீன் பிடிக்க உரிமை வேண்டும் என்று சொன்னேனே, அது இருக்கட்டும். அது சரிதான். இவன் கைவைக்கமாட்டான் என்று சொன்னேனே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்."

வக்கீல் அடித்தார். பேனா தாளைக் கீறுவதை நல்லப்பன் நின்று பார்த்தான். அவள் குடையை விரிக்க மறந்து மழையிலேயே நடந்துபோனாள். அவளோடு வந்தவர்கள் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் ஒருத்தரும் லைன்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறபோது கருப்பையா நல்லப்பனிடம் வந்து, "ஏன் மாமா சொன்னீக?" என்று கேட்டான்.

குளிர்காலத்தில் கமிஷன் வந்தது, போனது. அந்த ஒரு வரி எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடை மறுபடியும் ஏலம் போனது. நல்லப்பன் மூட்டை தூக்கினான், வந்தான், போனான். பஞ்சாயத்தில் இப்போதெல்லாம் வேறு யாராவதுதான் முதலில் பேசினார்கள்.

மறு கசோன் வந்தபோது டோ மியாவிடமிருந்து ஆள் வந்தது. பள்ளம் வற்றிவிட்டது, வரச் சொன்னாள் என்று. அவனுக்கு நம்பவே முடியவில்லை. ஓடினான். எப்போதும்போலச் சேற்றில் இறங்கிப் பிடித்துக் கொடுத்தான். எப்போதும்போல அவள் சோறு போட்டாள். வயிறு நிறையத்தான் போட்டாள், கேலி மட்டும் இல்லை.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அவன் பானையைத் தலைக்கு ஏற்றப் போனான்.

"வேண்டாம். அங்கேயே வை" என்றாள்.

வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பானைகளை வண்டிக்காரன் ஏற்றினான். அவள் ஜெயம்மாவின் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லியிருந்தாள். பிள்ளை இப்போது நடந்தது. பெரிய மீன் ஒன்றின் தலையில் தங்கத்தை வைத்து, அந்தச் சின்ன விரலைப் பிடித்து அழுத்தி ஒட்டினாள். பிள்ளை கலகலவென்று சிரித்தது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

எந்தக் கரையில் விடப்போகிறாள் என்று அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கையில் காயாத சேற்றோடு, வண்டி ரயில் பாதையைத் தாண்டுகிறவரை வேறு பக்கம் திரும்பி நின்றான்.